குப்பையில் பத்திரமாக

“ஆறு தடவை அனுப்பியாச்சு. ஆறு தடவை!”

“எங்க அனுப்பினீங்க? எனக்கு ஒண்ணுமே—”

“உன் மெயிலுக்குத்தான். வேற எங்க, உன் வீட்டுக் கூரை மேலயா போட்டுட்டு வருவேன்?”

“வரலைன்னு சொல்றேன்ல? வந்திருந்தா நான் ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடி வரப்போறேன்—”

“வந்திருக்கு. இதோ, திரையில பாரு. ஆறும் போயிருக்கு, ஆறும் உன் பெட்டியில விழுந்திருக்கு.”

“உங்க ஆபீஸ்லேருந்து எது வந்தாலும் நேரா குப்பைக்குப் போற மாதிரி செஞ்சு வச்சிருக்கேன்கா!”

அதோடு அறையே அடங்கிப்போனது. கல்லூரியின் தொழில்நுட்ப சேவைப் பிரிவில் அதுவரை இரண்டு பேர் போனில் யாருக்கோ, “அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்க சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களும் வாயை மூடிக்கொண்டு நாற்காலியை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார்கள்.

நடுவில் நின்றவளை வளாகத்தில் எல்லோரும் சர்வரம்மா என்பார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரேயே சொல்லத் தொடங்கினார்கள், அவளும் பழகிவிட்டாள். அந்தப் பிரிவை வருஷக்கணக்காக நடத்துகிறவள் அவள்தான். ஆனால் அறைக் கதவில் இன்னும் ‘பொறுப்புத் தலைவர்’ என்றுதான் இருக்கிறது. அந்தப் ‘பொறுப்பு’ என்ற வார்த்தை இன்றைக்கு உதிரப்போகிறது. நான்கு மணிக்கு அரங்கத்தில் விழா. புது மெயில் ஏற்பாட்டைத் தொடங்கிவைத்த கையோடு, அவளை நிரந்தரத் தலைவராகக் கல்லூரி முதல்வர் அறிவிப்பார். அதற்கென்று வாங்கிய புதுச் செருப்பு காலையிலிருந்தே குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்தது.

எதிரே மூச்சு வாங்க நின்றவள் உயிரியல் துறை ஆசிரியை. சர்வரம்மாவின் தம்பி மனைவி. மாணவர்கள் வைத்த பெயர் தவளை மேடம்.

“நேரா குப்பைக்கா?” என்றாள் சர்வரம்மா.

“எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க. தினம் ஒண்ணு அனுப்பறீங்க. பாஸ்வேர்டை மாத்து, இன்னிக்குப் பிரிண்டர் ஓடாது, தெரியாத மெயிலைத் திறக்காதே. உங்களுதைத் திறந்துட்டே இருந்தா மத்ததை எப்பத் திறக்கறது?”

“அப்ப, குப்பையைக் காலி பண்ணுன்னு நான் கெஞ்சினதும் அந்தக் குப்பையிலதான் கிடக்கு.”

“ஆமா.”

“நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.”

“நான் சண்டைக்கு வரலக்கா. மத்தியானத்திலேருந்து என் பெட்டி திறக்க மாட்டேங்குது. திறந்து விட்டீங்கன்னா போயிட்டே இருப்பேன்.”

“திறக்க முடியாது. எல்லாரோடதும் பூட்டியாச்சு. உள்ள இருந்ததெல்லாம் புது இடத்துக்குப் போயாச்சு. நாலு மணிக்கு முதல்வர் மேடையில பட்டனை அழுத்துவார், புதுப் பெட்டி திறக்கும். உன்னோடது அத்தனையும் அதுல இருக்கும்.”

“குப்பையில இருக்கிறதும்?”

“குப்பையைப் போய் யாராவது...”

சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தினாள். தம்பி மனைவியின் முகத்தில் இரத்தமே இல்லை.

“ஏம்மா, குப்பையில என்ன வச்சிருக்கே?”

“தவளை.”

“என்னது?”

“தவளைங்க. எல்லாத் தவளையும்.”

போன் பேசுகிறவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தார். சர்வரம்மா சிரிக்கவில்லை. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். விடுதிக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. மழைக்காலம் தோறும் தவளை மேடம் அதன் கரையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். வளாகத்தில் வண்டியும் ஜெனரேட்டரும் பெருகப் பெருகத் தவளைகள் தங்கள் குரலை எப்படி மாற்றிக்கொள்கின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. எட்டு வருஷச் சத்தம். அடுத்த மாதம் முடித்துக் கொடுக்க வேண்டும்.

“வேற காப்பி?”

“இருந்துச்சு.”

“இருந்துச்சுன்னா?”

“போன மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே. கம்ப்யூட்டரு தரையில இருந்துச்சு. உங்க தம்பி கட்டில் மேல எதைத் தூக்கி வச்சு காப்பாத்தினார் தெரியுமா? டிவியை.”

“அவன் கிடக்கறான். நீ எங்க போனே?”

“நான் காலேஜுல இருந்தேன். வந்து பார்த்தேன். அழக்கூட இல்லக்கா. குப்பையில பத்திரமா இருக்குன்னு பேசாம தண்ணியத் துடைச்சேன்.”

குப்பையில் பத்திரமாக இருக்கிறது. கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரப் பேச்சாகப் படும். சர்வரம்மாவுக்கு அப்படிப் படவில்லை.

பழைய ஏற்பாட்டில் ஆளுக்கு ஒரு மெயில் பெட்டி. அதற்கு ஓர் அளவு. நிறைந்துவிட்டால் எதுவும் வராது, எதுவும் போகாது. கூடுதல் இடம் வேண்டுமென்றால் துறைத் தலைவர் எழுதி, அலுவலகம் எழுதி, முதல்வர் ஒப்புதல் கொடுத்து, அதற்குள் பருவத் தேர்வே முடிந்துவிடும். ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விசித்திரம் இருந்தது. அழித்தவை போய் விழுகிற குப்பைத்தொட்டியை அது அளவில் சேர்க்காது. முன்பிருந்த முதல்வர் ஒருவர் எதையோ தவறுதலாக அழித்துவிட்டு ஊரைக் கூட்டியதால், குப்பை தானாகக் காலியாவதையும் சர்வரம்மா அப்போதே நிறுத்தி வைத்திருந்தாள். ஆகவே எவ்வளவு போட்டாலும் கொள்ளும். எத்தனை நாளானாலும் கிடக்கும். இடமில்லையே என்று யாராவது வந்து நின்றால், பாவமாக இருக்கும். மெதுவாக அருகில் குனிந்து சொல்லிவிடுவாள்.

குப்பையில போட்டு வைங்க. அது கணக்குல வராது. வெளில சொல்லிடாதீங்க.

“வா” என்றாள் இப்போது. “நூலகத்துக்குக் கீழ போவோம்.”

“அங்க என்ன?”

“பழைய சர்வர் இன்னும் அங்கதான் இருக்கு. நாலரைக்குத்தான் உள்ள இருக்கிறதையெல்லாம் அழிச்சுத் துடைப்பாங்க. அதுவரைக்கும் உன் தவளைங்க உயிரோட இருக்கும்.”

“மூணரை ஆகப்போகுதுக்கா!”

“அதான் வான்னு சொல்றேன். நின்னு பேசிட்டிருக்கே.”

இருவரும் வெயிலில் இறங்கி நடந்தார்கள். சர்வரம்மாவின் நடை பாதி ஓட்டம், பாதி நொண்டல். வழியில் குளம் இருந்த இடம் வந்தது. இப்போது அங்கே குளம் இல்லை. மண் கொட்டி மேடாக்கி, கண்ணாடி பதித்த மூன்று மாடிக் கட்டடம் எழும்பியிருந்தது. வாசலில் பெயர்ப்பலகை துணி போர்த்திக்கொண்டு திறப்பு விழாவுக்குக் காத்திருந்தது. தொழில்நுட்ப சேவைக்குப் புது இடம். நிரந்தரத் தலைவரின் அறை மேல்மாடியில்.

தவளை மேடம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமலே சொன்னாள்.

“மறுபடி பதிவு பண்ணிக்கலாமேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“நான் சொல்லலியே.”

“சொல்ல வந்தீங்க.”

“என் வாயைத் திறந்து பார்த்தியா? உனக்கு எப்பவும் இதே வேலை. நான் நினைக்காததையெல்லாம் நினைச்சேன்னு சொல்றது.”

“கல்யாணத்தன்னிக்கு நினைச்சதைச் சொல்லவா?”

“அதை விடு.”

“விட்டுட்டேன். நீங்கதான் விடல.”

சர்வரம்மாவின் போன் அடித்தது. தம்பி.

“அக்கா, அவ உங்கிட்ட வந்தாளா? போனை எடுக்க மாட்டேங்கறா.”

“பக்கத்துலதான் இருக்கா.”

“தவளை போயிடுச்சான்னு கேளு.”

“நீயே கேளுடா. கேட்டு வாங்கிக் கட்டிக்கோ. டிவி நல்லா ஓடுதா?”

“டிவியா...”

“நல்லா ஓடுதான்னு கேட்டேன்.”

“அக்கா... எப்படியாவது பண்ணு. அவளுக்கு அது போச்சுன்னா நான் வீட்டுக்குள்ளயே போக முடியாது. சிரிக்காத, நிஜமா சொல்றேன். எட்டு வருஷமா மழை பெஞ்சா போதும், சோத்தைக்கூடப் பாதியில வச்சுட்டுப் போயிடுவா.”

“வை போனை. பண்றேன்.”

நூலகக் கட்டடத்தின் பின்புறம் ஒரு லாரி கதவைத் திறந்து போட்டு நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்காமலே ஒரு தடவை ஹாரன் அடித்துக் காட்டினார். பழைய சர்வரை ஏற்றிக்கொண்டு போக வந்த வண்டி. மாணவர் விவரம் இருக்கிற எதையும் துடைக்காமல் வாசலைத் தாண்ட விடக்கூடாது என்று கல்லூரியில் ஒரு விதி உண்டு. அந்த விதியை எழுதியவளும் சர்வரம்மாதான்.

கீழ்த்தளத்தில் பல்லைக் கிட்ட வைக்கிற குளிர். புது ஏற்பாட்டை நடத்தித்தரும் கம்பெனியின் ஆள் காது வரை கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மேடம். விழாவுக்குப் போகல? மாலையெல்லாம் வாடிடுமே.”

“நாலரை வேலையைக் கொஞ்சம் தள்ளிப் போடணும்.”

“எவ்வளவு?”

“ஒரு வாரம்.”

அவர் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். “மேடம், நான் இங்க உக்காந்து பார்த்துட்டிருக்கிற ஆளு. அவ்வளவுதான். நேரம் வச்சது எங்க தலைமை ஆபீஸ். நாலரை ஆனா அது தானா ஓடும். நிறுத்தணும்னா உங்க முதல்வர் எங்க ஆபீஸுக்குப் போன் பண்ணி அவர் வாயால சொல்லணும். நீங்க சொன்னாக்கூட எடுபடாது. அப்படித்தான் வேணும்னு ஒப்பந்தத்துல போட்டது—”

“நான்தான். தெரியும்.”

“எதுக்கு நிறுத்தணும்?”

“குப்பையில முக்கியமான ஃபைல் இருக்கு.”

“குப்பையிலயா?” சிரித்தார். சிரித்தபடியே ஏதோ நினைவு வந்ததுபோல நெற்றியைச் சுருக்கினார். “அட, இப்பத்தான் புரியுது. காலையிலேருந்து எனக்கு ஒரு குடைச்சல். உங்க அறிக்கைப்படி எல்லார் பெட்டியும் சேர்ந்து இந்த மெஷின்ல கால்வாசிகூட வராது. ஆனா மெஷின் ரொம்பி வழியுது. மீதி எல்லாம் என்னன்னு மண்டையப் பிச்சுக்கிட்டிருந்தேன்.”

“என்னது?”

“நீங்களே பாருங்க.”

திரையில் இரண்டு பட்டைகள். ஒன்று சுண்டுவிரல் நீளம். வளாகத்தில் எல்லோருடைய பெட்டியும் சேர்ந்து அவ்வளவுதான். இன்னொன்று திரையின் ஓரம் வரை போய் இடித்துக்கொண்டு நின்றது.

“வீடு காலியா கிடக்கு மேடம். ஊரே குப்பையிலதான் குடியிருக்கு.”

சர்வரம்மா பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நெருக்கமாக உட்கார்ந்தாள். மாதாமாதம் அவள் கையால் எடுத்த அறிக்கை. ‘பெட்டிகள் அளவுக்குள் உள்ளன’ என்று அவளே எழுதி அனுப்பிய அறிக்கை. அதை நம்பித்தான் புது ஏற்பாட்டில் இடத்தை அளந்து வாங்கினார்கள். குப்பை கணக்கில் வராது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் கணக்கிலும் அது வராது என்பதை ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை. சொன்னதென்னவோ, ஒரு வாரத்துக்கு, பத்து நாளைக்கு என்றுதான். போனவர்கள் போனவர்களாக அங்கேயே குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

“இத்தனை பேரா?” என்றாள் தவளை மேடம். குரல் எப்படியோ இருந்தது. “இவங்களுக்கெல்லாம் யார் சொன்னா?”

சர்வரம்மா திரையைச் சற்றுத் தன் பக்கம் திருப்பினாள்.

“அக்கா. யார் சொன்னா?”

“வந்து கேட்டவங்களுக்குச் சொன்னேன்.”

“எல்லாருக்குமா?”

“இடமில்லைன்னு வந்து நிப்பாங்க. என்ன செய்யச் சொல்றே?”

தவளை மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கல்யாணம் ஆகி முதல் தடவை உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தப்போ, சமையலறையில என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னீங்க. வெளில சொல்லிடாதேன்னு கையப் பிடிச்சுச் சொன்னீங்க. எனக்கு மட்டும்தான் சொன்னீங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். எத்தனை சண்டை வந்தாலும், சரி, அவங்க மனசுல நாம இருக்கோம்னு... அதை நினைச்சுப்பேன்.”

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். வேறு பக்கம் பார்க்க அந்த அறையில் இடம் இல்லை.

“மேடம், ஒண்ணு பண்ணலாம். எல்லாரோடதும் முடியாது, மெஷின் கிழடு. ஆனா ஒரே ஒரு ஆளோடதுன்னா நாலரைக்குள்ள வெளியே இழுத்துக் குடுத்துடுவேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும். நீங்களும் விழாவுக்குப் போகலாம்.”

“எடுங்க” என்றாள் சர்வரம்மா. “இவளோடதை எடுங்க.”

அவர் தேடத் தொடங்கினார். முதலில் வேறு யாருடையதோ திறந்தது. மூடினார். இன்னொன்று. அதையும் மூடினார். மூடுவதற்குள் கண்ணில் பட்டவை பட்டுவிட்டன. ஒரு குப்பைக்குள் ‘அழிக்காதே’ என்று பெயரிட்ட ஒரு கோப்புறை. அதற்குக் கீழே ‘இதையும் அழிக்காதே’. இன்னொருவர் குப்பையில் ‘ஐயோ அழிக்காதே’. விடுதியில் யாரோ ஒரு பெண், அம்மா அனுப்பிய குரல் மெயில்களை மாதவாரியாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தாள். இயற்பியல் மூத்த ஆசிரியர் தம் புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டிருந்தார். குப்பைத்தொட்டிக்குள் அத்தனை ஒழுங்கு.

“கிடைச்சிடுச்சு. இதானே மேடம்?”

அவர் எதையோ தட்டினார். இரைந்துகொண்டிருந்த சர்வரின் சத்தத்துக்கு மேல் ஈரமான, கரகரத்த குரல் ஒன்று எழும்பியது. அதற்குப் பதிலாக இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே. இல்லாத குளத்தின் சத்தம் அந்தக் குளிர் அறையை நிறைத்தது.

தவளை மேடம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இழுக்க விட்டுட்டேன்” என்றார் கம்பெனிக்காரர். “நாலே காலுக்கெல்லாம் முடிஞ்சிடும்.”

“சரி” என்றாள் சர்வரம்மா. ஆனால் நகரவில்லை. பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே அரங்கத்தில் மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் லேசாகக் கேட்டது.

“நீங்க போங்கக்கா. உங்களைத் தேடுவாங்க.”

“ம்.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா. உங்க தம்பிகிட்டகூட. எவ்வளவு வருஷமா இந்தப் பதவிக்குக் காத்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்குக் கேட்டா, நாங்கதான் ஆறு தடவை சொன்னோமேன்னு சொல்லிடுங்க. தப்பு உங்க மேல இல்ல. யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஏன்னா ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும்தான் சொன்னீங்கன்னு நினைச்சிட்டிருப்பாங்க. என்னை மாதிரி.”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் சர்வரம்மா பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பாள், போயிருப்பாள், மாலை போட்டுக்கொண்டிருப்பாள். இப்படி அன்பாகச் சொன்னது செருப்பைவிட மோசமாகக் கடித்தது.

குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி நாற்காலிக்குக் கீழே தள்ளினாள்.

“எங்கக்கா போறீங்க?”

“முதல்வர்கிட்ட.”

“என்ன சொல்லுவீங்க? ஏன் நிறுத்தணும்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“அதை நடந்துட்டே யோசிக்கறேன். நீ இங்கயே இரு, உன் தவளைங்களைப் பார்த்துக்கோ.”

அரங்கம் பிதுங்கி வழிந்தது. முன் வரிசைகளில் ஆசிரியர்கள், அலுவலகத்தார். பின்னால் மாணவர்கள். மேடையில் பெரிய திரையில் ‘நாளைய வளாகம்’ என்று எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு மேசை, மேசை மேல் தட்டு அளவுக்கு ஒரு சிவப்புப் பட்டன். அதை அழுத்தினால் திரையில் பட்டாசு வெடிக்கும், வேறொன்றும் ஆகாது; புதுப் பெட்டிகள் தாமாகவே திறந்துகொள்ளும். முதல்வர் இன்னும் பேசி முடிக்கவில்லை. மைக் கிடைத்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது.

“...இனிமே எல்லாருக்கும் நிறைய இடம். பெட்டி நிறைஞ்சு போச்சுன்னு யாரும் சர்வரம்மா வாசல்ல போய் நிக்க வேண்டாம். இதோ, அவங்களே வந்துட்டாங்க! வாங்க, வாங்க. பார்த்தீங்களா, அவசரத்துல செருப்புகூடப் போடாம வந்திருக்காங்க!”

அரங்கம் சிரித்தது, கைதட்டியது. அவள் மேடையேறி அவர் காதருகே போனாள். சுவரில் இருந்த கடிகாரத்தில் நான்கு தாண்டி நன்றாக நேரமாகியிருந்தது.

“சார், கம்பெனிக்கு ஒரு போன் போடணும். நாலரைக்குத் துடைக்கறதை நிறுத்தச் சொல்லணும். நீங்கதான் சொல்லணும்.”

முதல்வர் மைக்கை உள்ளங்கையால் மூடினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரலில் இல்லை.

“இப்பவா? என்ன ஆச்சு?”

“குப்பையில இருக்கிறது வரல சார்.”

“வரக்கூடாதுன்னுதானே இருக்கு.” கையை எடுத்து, சபையைப் பார்த்து மைக்கில் சொன்னார். “குப்பை வரலையேன்னு கவலைப்படறாங்க! குப்பையைப் போய் யாராவது புது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்களா?” மறுபடி சிரிப்பு. மறுபடி கை மைக்கை மூடியது. “உங்க தம்பி மனைவியோட தவளை விஷயம்தானே? பெட்டி திறக்கல, தவளைப் பதிவெல்லாம் உள்ள இருக்குன்னு மத்தியானமே அவங்க துறைத் தலைவர் சொன்னார். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா உங்க வீட்டு ஆளு ஒருத்தருக்காக லாரியை நிறுத்தினேன்னு நாளைக்கு ஆட்சிக்குழு கேட்டா நான் என்ன சொல்றது? அதுவும் உங்களுக்குப் பதவி குடுக்கிற அன்னிக்கே?”

“அவளோடதை எடுத்தாச்சு சார். இது அவளுக்காக இல்ல.”

“பின்ன யாருக்கு?”

“இவங்களுக்கு. இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும்.”

“எல்லாரும் குப்பையில வச்சிருக்காங்களா? ஏம்மா, வெயில்ல அலைஞ்சீங்களா?”

“மெஷின்ல பார்த்துட்டு வரேன் சார்.”

“எனக்கு மெஷின் புரியாது. எனக்கு மனுஷங்களைக் காட்டுங்க.” சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசை மேல், பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தார். “பத்துப் பேர் கையைத் தூக்கட்டும். இப்பவே பேசறேன். இல்லைன்னா பட்டனை அழுத்திட்டு, மாலையைப் போட்டுட்டு, வீட்டுக்குப் போவோம்.”

மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

சர்வரம்மா சபையைப் பார்த்தாள். முகம் முகமாகத் தெரிந்தது. நூலகர். கல்லூரி நர்ஸ். விளையாட்டு ஆசிரியர். இரண்டாம் வரிசை ஓரத்தில் இயற்பியல் மூத்த ஆசிரியர், புத்தகம் எழுதிக்கொண்டிருப்பவர். எந்த எந்த நாளில், எந்த வாசற்படியில், யார் யார் காதருகே குனிந்தோம் என்பது அவளுக்கு வரிசையாக நினைவு வந்தது.

“ஒரு விஷயம் கேக்கணும். நேரம் இல்ல, அதனால நேராவே கேக்கறேன். குப்பைத்தொட்டியில எதையாவது பத்திரமா வச்சிருக்கிறவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க.”

யாரோ பின்னால் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அது வேடிக்கை இல்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பும் நின்றது. நூலகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நர்ஸ் மடியில் இருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். இயற்பியல் ஆசிரியர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கைகூட எழவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுகிறார்கள். அவளுக்காகக் காப்பாற்றுகிறார்கள்.

முதல்வரின் கை பட்டன் பக்கம் நகர்ந்தது.

அரங்கத்தின் கடைசிக் கதவு திறந்தது. தவளை மேடம், சர்வரம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஒரு நொடியில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. செருப்பில்லாத அவளுடைய இன்னொரு கை எழும்பத் தொடங்கியது. சர்வரம்மா தலையை லேசாக அசைத்தாள். நீ வேண்டாம். அவள் ஒருத்தி மட்டும் தூக்கினால், முதல்வர் சொன்னதுதான் உண்மை என்றாகிவிடும். எழும்பிய கை பாதியில் நின்றது.

வெளியே லாரி ஹாரன் அடித்தது.

சர்வரம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வெளில சொல்லிடாதீங்கன்னு உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொன்னது நான்தான், இப்ப நானே கேக்கறேன், கையைத் தூக்குங்க.”